அவள் கட்டத்தில் நான் போட்ட டிக்

பதினாறு வாரத்தில் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட வைத்துவிடுவேன் என்று சொன்ன அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் ஓரகத்தி, என் கணவருடைய தம்பி மனைவி. பாலக்கோட்டில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறாள். அங்கே உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி ஓசூர்ப் பக்கம் நடக்கும் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தாளாம். அந்தப் பெண் இணையத்திலிருந்து எடுத்து வைத்திருந்த பயிற்சித் திட்டத்தின் நகல்தான் அது. ஒரே தாள். மேலே முதல் வாரம், கீழே பதினாறாம் வாரம். குறுக்கே திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டங்கள். செவ்வாய், வியாழன், சனி சின்ன ஓட்டம். ஞாயிறு பெரிய ஓட்டம். மீதி மூன்று நாள் ஓய்வு. ஓய்வு என்பதையும் ஒரு கட்டத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் வீடு மாரண்டஹள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான். மல்பெரித் தோட்டம் இரண்டரை ஏக்கர், பட்டுப்புழு வளர்க்க ஒரு ஷெட். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ், சர்க்கரை வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்றார். நான் எப்போது உட்கார்ந்தேன், எழுந்து நடப்பதற்கு என்று அவரிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஓரகத்தி தாளை நீட்டியபோது எனக்கும் ஒரு சாக்கு தேவைப்பட்டது. என் பக்கத்துக் கதை அவ்வளவுதான்.

அவள் பக்கத்துக் கதை வேறு. அவளுக்கு முப்பத்து மூன்று வயது, கல்யாணமாகி எட்டு வருடம். குழந்தைக்காக சேலத்தில் இரண்டு முறை சிகிச்சை எடுத்திருந்தாள். இரண்டு முறையும் மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஊசி என்று கட்டம் கட்டமாக. அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒரு கட்டம்கூட விடாமல் முடித்தோம். இரண்டு முறையும் கரு நிற்கவில்லை. ஒரு வருடம் உடம்புக்கு ஓய்வு விடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய மூன்றாம் மாதம் அவள் இந்தத் தாளோடு வந்தாள். "இதுல சொன்னபடி செஞ்சா ஓடிரலாமாங்கக்கா. நெசமாவே" என்றாள். நான் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன். சொன்னபடி செய்தால் சொன்னதைத் தருகிற ஒரு தாளாவது உலகத்தில் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது எனக்குப் புரிய வெகு நாளாயிற்று.

தாளை ஷெட் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். அங்கே ஏற்கெனவே புழுவுக்குத் தழை போடும் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பட்டுப்புழு வளர்க்காதவர்களுக்காக அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை தழை. காலை முறை என்னுடையது, மத்தியானம் என் கணவருடையது, அவள் வேலை முடிந்து பஸ் இறங்கி வந்ததும் சாயங்கால முறை அவளுடையது. கொழுந்தனாருக்கு வெட்டிக் கொண்டுவருகிற வேலை. தழை போட்டதும் அவரவர் கட்டத்தில் டிக் போட வேண்டும். பஸ் தாமதமாகி அவள் வரவில்லை என்றால் அவள் முறையை நான் போடுவேன், போட்டுவிட்டு அவள் கட்டத்திலேயே டிக்கும் போடுவேன். எனக்குத் தலைவலி என்றால் அவள் என் கட்டத்தில் போடுவாள். யார் போட்டது என்று யாரும் கேட்பதில்லை. புழுவுக்குத் தழை விழுந்ததா, அதுதான் பேச்சு. கட்டம் காலியாக இருந்தால் வீட்டுக்கே அவமானம். இந்த ஏற்பாடு அவள் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எட்டு வருடமாக ஒரு சண்டை இல்லாமல் நடந்து வந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதல் வாரம் காலை ஐந்து மணிக்கு இருவரும் சுடிதாரும் ஷூவுமாகக் கிளம்பினோம். துப்பட்டாவை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டோம். ஒரு கிலோமீட்டர் ஓடியதும் எனக்குக் குடல் வாய்க்கு வந்தது. தக்காளிப் பெட்டி ஏற்றிய வண்டிகள் சந்தைக்குப் போகிற நேரம். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்தார்கள். ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் நின்ற ஒருவர், "என்னங்கம்மா, பஸ்ஸ வுட்டுட்டீங்களா? நான் வேணா வண்டில கொண்டுபோய் வுடட்டுங்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். "இல்லீங்கண்ணா, சும்மா ஓடறோம்" என்று அவள் சொன்னாள். சும்மா ஓடுவது என்றால் என்ன என்று அவர் யோசித்துக்கொண்டே டீயை உறிஞ்சினார். பத்து நாளில் அவர்களுக்கும் பழகிவிட்டது. அரை மணி தாமதமானால் உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

நாங்கள் இருவரும் ஒரே தூரம்தான் ஓடினோம், ஆனால் ஒரே காரணத்துக்காக இல்லை என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும். எனக்கு டிக் போட மறந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, செவ்வாய் ஓடினோமே என்று நினைவுபடுத்திப் போடுவேன். அவள் ஷூவைக் கழற்றும் முன்பே போய்ப் போடுவாள். ஒரு நாள் ஐந்து கிலோமீட்டருக்கு நாலே முக்கால்தான் ஓடியிருந்தோம், போன் காட்டியது. நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் போய்ப் போய் வந்து கால் கிலோமீட்டரை முடித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள். மாடுகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. "கால் கிலோமீட்டருல என்னம்மா வந்துரப் போவுது?" என்று கேட்டேன். "ஒண்ணும் வராதுங்கக்கா. ஆனா அஞ்சுன்னு போட்டிருக்குதே" என்றாள்.

ஆறாம் வாரத்தில் தாள் எங்களிடம் தோற்றது, அல்லது நாங்கள் தாளிடம் தோற்றோம். புழு கடைசி முறை தோல் உரித்து எழுந்த பிறகு ஏழெட்டு நாள் அகோரப் பசியில் தின்னும். அந்த ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் குளிக்கக்கூட நேரம் இருக்காது. தாளை எழுதியவருக்குப் பட்டுப்புழு தெரியாது. அவருக்கு ஞாயிறு என்றால் எல்லாரும் ஓய்வாக இருக்கிற நாள். நான் அந்த வாரத்தை அப்படியே விட்டுவிட்டேன், ஒரு வருத்தமும் இல்லை. அவளால் விட முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஓட்டத்தைப் புதனில் சேர்த்தாள், வியாழனைச் சனியில் சேர்த்தாள், ஞாயிறன்று மொத்தத்தையும் சேர்த்துப் பதினேழு கிலோமீட்டர் ஓடினாள். தழை தாமதமானால் அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாகப் போடுவோம் இல்லையா, அந்தப் பழக்கம். புழுவுக்கு அது பொருந்தும். அவளுடைய கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் எலும்போரம் வலி பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் நொண்டிக்கொண்டே ஆபீசுக்குப் போனாள்.

அந்த ஓசூர் ஓட்டத்துக்கு நல்ல வேளையாக இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அடுத்த திட்டத்தை நான் போட்டேன். கிழமையே வேண்டாம், ஷெட்டை வைத்துப் போடலாம் என்றேன். புழு தோல் உரிக்கிற நாளை எங்கள் பக்கம் ஜுரம் என்போம். கன்னடக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அன்றைக்குப் புழு தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும், தின்னாது. நமக்கும் வேலை இல்லை. ஜுரத்தன்று பெரிய ஓட்டம், இரண்டு ஜுரத்துக்கு நடுவில் எப்போது முடிகிறதோ அப்போது மூன்று சின்ன ஓட்டம், கடைசி வாரம் ஒன்றுமே இல்லை, பட்டுக்கூடு அறுத்த பிறகு தாராளமாக ஓடலாம். எனக்கு இது பிரமாதமாகப் பட்டது. ஷெட்டும் ஓட்டமும் ஐந்து வாரம் ஒரே வண்டியில் பூட்டின மாதிரி போயிற்று. அந்த ஐந்து வாரத்தில் நான் ஓடியதுபோல அதற்கு முன்னும் ஓடவில்லை, பின்னும் ஓடவில்லை.

அவள் அந்த ஐந்து வாரத்தில் தேய்ந்துகொண்டே வந்தாள். ஜுரம் என்பது கடிகாரம் பார்த்து வருவதில்லை. குளிர் அடித்தால் அரை நாள் தள்ளிப்போகும், வெயில் ஏறினால் முன்னால் வரும். நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடப் போகிறோமா இல்லையா என்று இன்றைக்குத் தெரியாது. எனக்கு அது விளையாட்டு மாதிரி. அவள் சாயங்காலம் புழுத் தட்டுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பாள், முகம் சுருங்கிப்போயிருக்கும். இரண்டு ஓட்டங்களுக்கு வரவே இல்லை. கேட்டதற்கு, "இது பிளானு இல்லீங்கக்கா. நம்ம வசதிக்குப் பண்ணிக்கறது" என்றாள்.

"வசதியா இருந்தா என்னம்மா? ஓடறமா இல்லையா?"

"ஓடறோம். ஆனா எதுக்குப் பக்கத்துல போறோம்னே தெரியல. வருமா வராதான்னு பாத்துட்டே நிக்கறது எனக்குப் போதுங்கக்கா."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் புழுவைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டேன். என் மூளை அவ்வளவுதான் ஓடியது.

ஆகவே மூன்றாவது தாள். இதை அவளே ஆபீசில் உட்கார்ந்து அடித்துக் கொண்டுவந்தாள். இடது பக்கம் அவள் பத்தி, வலது பக்கம் என் பத்தி. அவளுடையதில் தேதி, கிழமை, கிலோமீட்டர் எல்லாம் அச்சாகி இருக்கும். முட்டை எப்போது பொரியும், எங்களுக்கு எப்போது புழு வரும் என்று முன்கூட்டியே விசாரித்து, தின்கிற வாரத்தில் இரண்டே இரண்டு குட்டி ஓட்டம் என்று தானே குறைத்துப் போட்டிருந்தாள். குறைவாகத்தான், ஆனால் முன்பே எழுதிய குறைவு. என்னுடையதில் வாரம் மூன்று ஓட்டம் என்று மட்டும் இருக்கும், நாள் என் இஷ்டம். பத்து வாரம் இந்தத் தாள் கதவில் தொங்கியது. அவள் பத்தியில் ஒரு கட்டமும் காலி இல்லை. என் பத்தியில் அங்கங்கே பல் விழுந்திருந்தது, அதுபற்றி எனக்குக் கவலையும் இல்லை. காலையில் அவள் ஷூ போடும் சத்தம் கேட்டால் நானும் எழுந்துவிடுவேன். அவளுக்கு உடம்பு தேறியது, சிரிப்பு வந்தது. ஒரு நாள் குழம்பு தாளிக்கும்போது பாடிக்கொண்டிருந்தாள். எட்டு வருடத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

பதினோராம் வாரம் ஏரியூரில் இருக்கும் அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். திங்களன்று போனவள் சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவாள். போகும்போது கதவைப் பார்த்துவிட்டு, "மூணு ஓட்டம் போச்சுங்கக்கா" என்றாள். லேசாகத்தான் சொன்னாள், ஆனால் முகம் சரியில்லை. பத்து வாரம் விடாமல் வந்தவளுக்கு இந்த மூன்று கட்டம் காலியாக நிற்கப் போகிறதே என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் முறைத் தழையை நான் போட்டேன். வழக்கம்போல அட்டையில் அவள் கட்டத்தில் டிக் போட்டேன். பக்கத்திலேயே அந்தத் தாள். அவள் கட்டத்தில் ஆறு கிலோமீட்டர் என்று இருந்தது. பேனா கையில்தான் இருந்தது, ஆனால் நான் சும்மா போட்டுவிடவில்லை. அதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஷூவை மாட்டிக்கொண்டு போய் ஆறு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தேன். காலையில் என் பங்கு ஐந்து ஏற்கெனவே ஓடியிருந்தேன். வியாழன் என் ஐந்தும் அவள் ஏழும். சனிக்கிழமை அவளுடைய ஐந்து. ஒரு மீட்டர் ஏமாற்றவில்லை. வியாழக்கிழமை திரும்பி வரும்போது தொடை இரண்டும் கல்லாகிப்போய், டீக்கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இன்னொரு அம்மா எங்கீங்க?" என்று கேட்டார். "ஊருக்குப் போயிருக்குது. அதும் பங்கையும் நாந்தான் ஓடறேன்" என்றேன். அவர் அதை ஒரு குறையும் இல்லாத பதிலாக ஏற்றுக்கொண்டு தலையாட்டினார். எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் அப்படித்தான் தலையாட்டியிருப்பார்கள்.

அவள் சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் வந்தாள், களைப்பாக இருந்ததால் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். ஞாயிறு காலை அவள் தாளில் பதினாறு கிலோமீட்டர். ஐந்து மணிக்கு ஷூவோடு ஷெட்டுக்கு வந்தவள் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். நான் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வந்து தாங்க் யூ சொல்லப் போகிறாள் என்று முதுகைக் காட்டிக்கொண்டே காத்திருந்தேன்.

"இதெல்லாம் யாருங்கக்கா போட்டது?"

"நாந்தான். உன் கட்டம் காலியாவக் கூடாதுன்னு மூணையும் ஓடிட்டேன். ஒரு கிலோமீட்டரு கொறைக்கல."

"எனக்காவ ஓடுனீங்களா?"

"பின்ன வேற யாருக்காவ?"

அவள் வியாழக்கிழமைக் கட்டத்தின்மேல் விரலை வைத்து, "வியாழக்கெழம நான் ஏரியூர்ல ஓடுனேங்கக்கா" என்றாள். "ஷூ எடுத்துட்டுப் போவல. செருப்பு போட்டுக்கிட்டே ஓடுனேன். ஏழு முடியல. நாலுதான் முடிஞ்சுது. வந்ததும் நாலுன்னு எழுதணும்னு பஸ்ல நெனச்சுட்டே வந்தேன். இங்க பாத்தா எழுத எடமே இல்ல."

"அடிச்சுட்டு நாலுன்னு எழுதிக்கம்மா. அதுக்கென்ன இப்ப?" என்றேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

அவள் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். "ஊசி போட்டப்பவும் இதேதாங்கக்கா. டைம் பாத்தது நீங்க. ஊசி போட்டது நீங்க. டிக் போட்டதும் நீங்க. ஒரு தப்பும் இல்லாம பண்ணுனீங்க. கடசீல நிக்கலன்னப்ப மட்டும் அது என்னுதாயிருச்சு."

குரலை உயர்த்தவில்லை. ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். பதினாறு கிலோமீட்டர் ஓடவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மூன்று நாள் தொடை வலிக்க ஓடியவளுக்கு இதுவா மரியாதை என்று தட்டுகளை டம் டம் என்று வைத்தேன். இரண்டு முறையும் விடியற்காலை எழுந்து, கை நடுங்காமல் ஊசி போடக் கற்றுக்கொண்டு, ஒரு தாய்க்கு மேல் பார்த்தேனே என்று என் கணவரிடம் புலம்பினேன். அவர் மத்தியானத் தழையைப் போடப் போனார். கோபம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் ரேஷன் கடையில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, ஓரகத்தியைப் பற்றி விசாரிக்கிற பாவனையில், "அதான் நீங்களே சொன்னீங்களே" என்று ஆரம்பித்தாள். நான் முன்பு என்ன சொன்னேன் என்பதை அவள் வாயிலிருந்து கேட்டேன். 'மருந்து மாத்திரை எல்லாம் ஒரு வேளை தவறாமப் பண்ணுனோம். அவளுக்குத்தான் நிக்கல.' சொன்னது நானேதான். ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். சர்க்கரையை வாங்கிக்கொண்டு நேரே நடந்து வந்துவிட்டேன். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த வெறுப்பை இன்றுவரை முழுதாகக் கழுவ முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று கொள்ளு ரசம் வைத்தேன், அவள் சாப்பிட்டாள். சாயங்கால முறைத் தழையை வழக்கம்போலப் போட்டாள். பேச்சும் இருந்தது. ஓட்டத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. தாளை யாரும் கிழிக்கவும் இல்லை, அதில் எழுதவும் இல்லை.

நான் ஒரு வாரம் தனியாக ஓடிப் பார்த்தேன். நாள் என் இஷ்டம், தூரம் என் இஷ்டம் என்று அவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்ட என் திட்டம் நாலே நாளில் கழன்று விழுந்தது. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்று தினமும் தோன்றியது, தினமும் அது நியாயமாகவும் பட்டது. எனக்குத் திட்டமே தேவையில்லை என்று நான் நினைத்தது பொய். பக்கத்துப் பத்தியில் அவள் இருந்தாள், அதுதான் என் திட்டமாக இருந்திருக்கிறது. சர்க்கரை வாசலில் நின்றபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஷூ சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்தேன், ஆனால் வெளியே போகவில்லை. கேட் திறந்து மூடியது. வழக்கமான ரயில்வே கேட் பக்கம் போகாமல் அவள் காலடி பாலக்கோடு ரோட்டுப் பக்கம் போயிற்று. திரும்பி வந்ததும் ஷெட்டுக்கு வரவில்லை, நேரே அவள் அறைக்குப் போனாள். பீரோ திறக்கும் சத்தம். புதிதாக ஒரு தாள் அடித்து உள்ளே வைத்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அதில் எத்தனை கட்டம், எத்தனை காலி என்று எனக்குத் தெரியாது. துணி மடித்து வைக்க அந்த பீரோவை வாரம் இரண்டு முறை திறக்கிறவள் நான். அதற்கப்புறம் துணியை மடித்து அவள் கட்டிலின்மேல் வைத்துவிட்டு வந்துவிடுவேன். எட்டிப் பார்க்கக் கை துடித்ததை மறைத்து என்ன பயன், துடிக்கத்தான் செய்தது.

ஓட்டத்துக்கு மூன்று வாரம் கூட இல்லை. நடுவில் பன்னிரண்டு நாள் ஓடாதவள் இருபத்தோரு கிலோமீட்டரை முடிப்பாளா என்பது எனக்கு ஒரு பயமாகவே மாறிவிட்டது. முடியவில்லை என்றால், ஆஸ்பத்திரித் தாள் இரண்டுக்குப் பிறகு அவளைக் கைவிட்ட மூன்றாவது தாள் இதுவாகிவிடும். அதையும் கெடுத்தவள் நானாக இருப்பேன். சாமியிடம் கேட்டுக்கொண்டேன். ஓட்டத்துக்கெல்லாம் வேண்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை, வேண்டிக்கொண்டேன்.

அவள் முந்தின நாளே உடன் வேலை செய்யும் பெண்ணோடு ரயிலேறி ஓசூர் போய்விட்டாள். புழு தின்கிற வாரம். நான் வீட்டில் நின்றேன். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் போயிருந்தால் பத்தாவது கிலோமீட்டரில் ஆட்டோவைக் கை காட்டியிருப்பேன். காலைத் தழை போட்டு முடித்து, வெட்டி வந்த கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மணி ஒன்பதே கால் இருக்கும். பின்னால் ஒலிபெருக்கிச் சத்தமும் கூட்டமும் கேட்டன. அவளுக்கு மூச்சு இன்னும் நிலைக்கு வரவில்லை.

"முடிச்சுட்டேங்கக்கா."

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. கட்டின்மேலேயே உட்கார்ந்தேன்.

"ஆனா நடுவுல நடந்துட்டேன். பதினாறு தாண்டுனதும் காலு வரல. எல்லாரும் தாண்டிப் போனாங்க. அப்புறம் கடசில மறுபடி ஓடுனேன்."

அதனால் என்னம்மா, முழுசும் ஓடினதாகவே வைத்துக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெட்டின தண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். சொல்லவில்லை.

"எவ்வளவு தூரம் நடந்தே?" என்று மட்டும் கேட்டேன்.

"மூணேகாலு" என்றாள் உடனே. "மூணேகாலு கிலோமீட்டரு நடந்தேங்கக்கா. எண்ணிக்கிட்டேதான் நடந்தேன்." அந்தக் கால் கிலோமீட்டரைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காத குரல் அது.